நள்ளிரவில் கடன் வாங்க முடியாதது



இவ்வாரத் தியானத்திற்கு மத்தேயு எழுதின சுவிசேஷத்தின் 25-ஆம் அதிகாரத்தில் முதல் 13 வசனங்களை எடுத்துக்கொள்வோம். பத்துக் கன்னிகைகளின் உவமை. உங்களுக்கு நன்கு அறிமுகமான பகுதிதான். ஆயினும் இம்முறை அதை வாசித்து முடித்தபின் ஒரு காரியம் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் படிக்கட்டின் அடியிலோ சமையலறை மூலையிலோ இருக்கும் இன்வெர்ட்டர் பேட்டரியின் அருகே சென்று சற்று நில்லுங்கள். அந்தப் பெட்டியைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப்போகிறேன். வடகிழக்குப் பருவமழை குன்னூரை வந்தடையும் இந்நாள்களில் அது வெறும் வீட்டுச் சாமான் பற்றிய பேச்சாக இராது.

நம் மலைக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு பழையது. காட்டேரி அருவியின் நீரைக் கொண்டு அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மின்சாரம் எடுத்தார்கள். 1932-இல் பைக்காரா நீர்மின் திட்டம் இயங்கத் தொடங்கியது. பின்னர் கனடா நாட்டின் உதவியோடு குந்தா திட்டம் எழுந்தது. அவலாஞ்சி, எமரால்டு, மேல் பவானி என்று நாம் சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டும் நீர்த்தேக்கங்கள் அத்திட்டத்தின் பாத்திரங்களே. சமவெளியின் எத்தனையோ ஊர்களுக்கு வெளிச்சம் இங்கிருந்து இறங்கிச் சென்றது. ஆனால் ஒரு சில்வர் ஓக் மரத்தின் கிளை மின்கம்பியின்மேல் முறிந்து விழுந்தால், அதே மலையில் வாழும் நம் வீடுகள்தாம் முதலில் இருளடைகின்றன. 2019 ஆகஸ்டு மாதத்தில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மின்சாரம் பிறக்கும் இடத்தைச் சுற்றியிருந்த ஊர்களே அந்நாள்களில் இருட்டில் கிடந்தன.

ஆகவே பேட்டரி இல்லாத வீடு நம் சபையில் அரிதாகிவிட்டது. அண்மைக்காலமாகக் கூரைமேல் சோலார் பேனல்களும் ஏறியிருக்கின்றன. ஒரே பேட்டரியை நிரப்ப இரண்டு வழிகள் வந்துவிட்டன: மேலிருந்து சூரியன், கீழிருந்து மின்வாரியத்தின் கம்பி. இவ்விரண்டையும் எப்படிக் கையாளுகிறோம் என்பதில் நம் வீடுகளில் தெளிவு குறைவாகவே இருக்கிறது. அந்தத் தெளிவின்மையால் நம் சபையின் தாயார் ஒருவரது உயிருக்கு ஆபத்து நேரும் அளவுக்குப் போனது. அதைச் சொல்லுமுன் உவமையைப் பற்றிய ஒரு கேள்வியைச் சொல்லிவிடுகிறேன்.

வாலிபர் கூடுகையில் ஒரு தம்பி எழுந்து கேட்டார்: “ஐயா, புத்தியுள்ள அஞ்சு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் ஊத்திக் குடுத்திருக்கலாமே? இல்லாதவங்களுக்குக் குடுக்கணும்னுதானே நீங்க பிரசங்கத்துல சொல்றீங்க?” நல்ல கேள்வி. இரண்டு அங்கியுள்ளவன் ஒன்றை இல்லாதவனுக்குக் கொடுக்க வேண்டும் என்று கற்பிக்கும் சுவிசேஷம், எண்ணெயைப் பகிர மறுத்தவர்களைப் புத்தியுள்ளவர்கள் என்று அழைப்பது எப்படி? வேத விளக்க நூல்களில் இதற்கு விடைகள் உண்டு. ஆனால் எனக்கு இந்தக் கேள்வியின் கடினத்தை விளங்கவைத்தது, பேட்டரி நிரம்பும் விதமே.

நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது ஈயமும் அமிலமும் கொண்ட பழைய வகைப் பேட்டரி. 12 வோல்ட் என்று எழுதியிருக்கும் பெட்டிக்குள் ஆறு சிற்றறைகள்; ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 வோல்ட். இந்தப் பேட்டரி குடம் நிரம்புவதுபோல் ஒரே சீராக நிரம்புவதில்லை. முதலில் மின்சாரத்தை ஆவலோடு வாங்கிக்கொள்ளும். ஏறக்குறைய பத்தில் எட்டுப் பங்கு நிறையும்வரை இந்த வேகம் நீடிக்கும். 14.4 வோல்ட் அளவை எட்டியதும் அதன் ஆவல் தணிந்துவிடும். அதன்பின் அது எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வரும். மீதமுள்ள இரண்டு பங்கு நிறைவதற்கு மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். எவ்வளவு பெரிய சார்ஜரை மாட்டினாலும் இந்தக் கடைசிப் பகுதியை அவசரப்படுத்த முடியாது. நிறைந்தபின் 13.6 வோல்ட் அளவில் மெல்லிய ஓட்டத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தால் அது நிறைவாகவே நிற்கும்.

நம் வீடுகளில் பரவலாக உள்ள 150 ஆம்பியர்-மணி பேட்டரி பாதி இறங்கியிருந்தால், மின்வாரியக் கம்பியிலிருந்து அதை முழுமையாக நிரப்ப எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகும். இரவு பன்னிரண்டு மணிக்கு உங்கள் பேட்டரி தீர்ந்துபோகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டில் நிறைந்த பேட்டரி இருக்கிறது. அவர்கள் அன்புள்ளவர்கள்; கொடுக்கவும் மனமுண்டு. ஆயினும் தம் பேட்டரியிலிருந்து உங்கள் பேட்டரிக்குள் அந்த நிறைவை ஊற்ற அவர்களால் முடியாது. நிறைவு என்பது கழிந்துபோன பத்து மணி நேரத்தின் பலன். பொருளைக் கடன் வாங்கலாம். கழிந்த நேரத்தை எவரிடமிருந்தும் வாங்க முடியாது. புத்தியுள்ளவர்களின் மறுப்பில் கஞ்சத்தனம் இல்லை என்பதை நான் இப்படித்தான் விளங்கிக்கொண்டேன். கொடுக்க இயலாத ஒன்றைக் கொடுக்க இயலாது என்று அவர்கள் சொன்னார்கள்.

இனி நம் ஊர்ச் சூரியனைப் பற்றிப் பேசுவோம். குன்னூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சோலார் பேனலுக்கு வெயில் வேண்டும். ஆனால் வெப்பம் ஆகாது. சூடு ஏற ஏற அதன் திறன் குறையும். ஆதலால் ஜனவரி மாதத்துத் தெளிந்த காலை வேளையில், குளிர்ந்த காற்றும் கூர்மையான வெயிலும் கூடும்போது, நம் கூரைமேல் உள்ள பேனல் கோவையின் மொட்டைமாடியில் கொதிக்கும் பேனலைவிடச் சிறப்பாகவே வேலை செய்யும். சுமார் 335 வாட் பேனல் ஒன்று அத்தகைய நாளில் ஒன்றேகால் யூனிட்டுக்குக் குறையாமல் தரும். பாதி இறங்கிய ஒரு பேட்டரியை நிரப்ப அது போதுமானது.

பனிமூட்டம் இறங்கிவிட்டால் கணக்கு தலைகீழாகிவிடும். நவம்பரில் மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து மேகம் ஏறி வந்து, சிம்ஸ் பூங்காவின் மரங்கள்கூடத் தெரியாதபடி மூடிக்கொள்ளும் நாள்களை நீங்கள் அறிவீர்கள். அந்நாள்களில் பேனல் தருவது வழக்கத்தின் பத்தில் ஒரு பங்கு முதல் நாலில் ஒரு பங்கு வரைதான். எந்த விளக்கும் எரியாமல் சும்மா விழித்திருக்கும் இன்வெர்ட்டரே 20 வாட் அளவுக்குத் தின்னும். ஒரு நாளைக்கு அது ஏறக்குறைய அரை யூனிட். அதாவது, பனிமூட்ட நாளில் ஒரு பேனலுக்குக் கிடைக்கும் வெளிச்சம், இன்வெர்ட்டர் தன்னைத் தானே காத்துக்கொள்வதற்கும் போதாமல் போகலாம். உங்கள் வீடு சரிவின் வடக்குப் பக்கத்தில் இருந்தால், அல்லது தேயிலைத் தோட்டத்து மரநிழல் கூரைமேல் விழுந்தால், நிலைமை இன்னும் மோசமாகும்.

இதோடு குளிரும் சேர்ந்துகொள்கிறது. இரவில் 10 பாகை வரை இறங்கும் நம் ஊரில், பேட்டரியின் கொள்ளளவு அட்டையில் எழுதியிருப்பதைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். குளிர்ந்த பேட்டரி நிறைவதற்குச் சற்று அதிக வோல்ட்டும் தேவை. சமவெளிக்கு ஏற்றபடி அமைத்த சார்ஜர் இங்கே ‘போதும்’ என்று சொல்லி நிறுத்தும்போது, பேட்டரி உள்ளபடியே நிறைந்திராது. நல்ல இன்வெர்ட்டர்களில் இதற்கென வெப்ப உணரி ஒன்று உண்டு; அதைப் பேட்டரியின் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தத் தாயாரின் காரியத்திற்கு வருகிறேன். குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயரும் தெருவும் வேண்டாம். எழுபது வயதைக் கடந்தவர். நுரையீரல் நோயால் இரவில் ஆக்சிஜன் செறிவூட்டியின் துணையோடு உறங்குகிறவர். அந்தக் கருவி ஏறக்குறைய 300 வாட் எடுக்கும். மகன் பொறுப்பானவர். இரண்டு பேட்டரிகளும் இரண்டு பேனல்களும் கடன் வாங்கிப் பொருத்தினார். நிறைந்த இரு பேட்டரிகள், இன்வெர்ட்டரின் இழப்பையும் குளிரையும் கழித்தாலும், அந்தக் கருவியை ஏழு மணி நேரம் தாங்க வேண்டும். ஓர் இரவைக் கடப்பதற்கு அது போதும். பொருத்த வந்தவர்கள், மின்கட்டணம் மிச்சமாகட்டும் என்று, பேட்டரியைச் சூரியன் மட்டுமே நிரப்பும்படியும், மின்வாரிய மின்சாரம் பேட்டரிக்குள் போகாதபடியும் அமைத்துவிட்டுப் போனார்கள். கோடையில் எல்லாம் நன்றாகவே நடந்தது. கட்டணச் சீட்டைப் பார்த்து வீட்டார் மகிழ்ந்தார்கள்.

மழைக்காலம் வந்தது. அக்டோபர் நடுவிலிருந்து பேட்டரிகள் ஒரு நாளும் முழுமையாக நிறையவில்லை. அவ்வப்போது வந்துபோன சிறிய மின்தடைகளில் கொஞ்சம் இறங்கும். மறுநாள் மங்கிய வெளிச்சத்தில் கொஞ்சம் ஏறும். இப்படிப் பாதியிலேயே வாழும் ஈயப் பேட்டரிக்கு ஒரு நோய் வருகிறது. தட்டுகளின்மேல் ஈய சல்பேட் உப்பாகப் படியும். அன்றன்றே முழுமையாக நிரப்பினால் அது கரைந்து மீண்டும் அமிலத்தில் சேர்ந்துவிடும். வாரக்கணக்கில் விட்டுவிட்டால் கெட்டியான படிகமாக இறுகிவிடும். இறுகிய இடம் மறுபடி மின்சாரத்தை ஏற்காது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எதுவும் தெரியாது. பெட்டி அதே பெட்டி. விளக்கும் பச்சையாகவே எரியும்.

நவம்பர் மாதத்து இரவொன்றில் காற்றும் மழையுமாக இருந்தபோது மின்சாரம் நின்றது. ஏழு மணி நேரம் தாங்க வேண்டிய பேட்டரிகள் ஒன்றரை மணி நேரத்தில் ஓலமிடத் தொடங்கின. கைக்காவலாக வைத்திருந்த சிலிண்டரும் கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும். இரவு ஒன்றரை மணிக்கு மகன் என்னை அழைத்தார். சாலையில் மரம் விழுந்திருந்ததால் ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்றார்கள். நான் போய்ச் சேருவதற்குள் கீழ் வரிசையில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தார் நாற்காலியோடு ஏறி வந்திருந்தார்கள். அவர்கள் நம் சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர். தாயாரை அந்த நாற்காலியில் உட்காரவைத்து, நனைந்த 42 படிகளில் நான்கு பேர் சுமந்து இறக்கினார்கள். அவர்கள் வீட்டுக் கூடத்தில் செறிவூட்டியைப் பொருத்தி, தங்கள் வீட்டின் மற்ற விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டார்கள். ஒரு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் விடியும்வரை எல்லோரும் விழித்திருந்தோம். காலை ஏழு மணிக்கு மின்சாரம் வந்தது. தாயார் இன்று நலமாக இருக்கிறார்.

“ஐயா, பச்சை லைட்டு எரிஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு. நிறைஞ்சிருக்குன்னே நினைச்சோம்” என்று மகன் பலமுறை சொன்னார். அவரைக் குறைகூற யாருக்கும் மனம் வரவில்லை. பச்சை விளக்கு அறிவிப்பது, பேனலிலிருந்து ஏதோ வந்துகொண்டிருக்கிறது என்பதை மட்டுமே. எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதை அது அறிவிப்பதில்லை. உள்ளபடி அறிய வேண்டுமானால், மின்சாரம் உள்ளே போவதையும் வெளியே எடுப்பதையும் நிறுத்தி, சில மணி நேரம் ஓயவிட்டு அளந்து பார்க்க வேண்டும். ஓய்ந்திருக்கும் பேட்டரி 12.7 வோல்ட் காட்டினால் நிறைவு. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் ஆபத்து. பிரியமானவர்களே, ஞாயிற்றுக்கிழமையின் பாடல் சத்தத்தில் நாம் எல்லோரும் 13 வோல்ட் காட்டுகிறோம். செவ்வாய்க்கிழமை பிற்பகலில், எதுவும் உள்ளே வராமல் ஓய்ந்திருக்கும் வேளையில், நமக்குள் இருப்பது எவ்வளவு என்பதே கேள்வி.

அந்த வீட்டில் மிச்சப்படுத்திய பணத்தையும் கணக்கிட்டுப் பார்த்தேன். பாதி இறங்கிய ஒரு பேட்டரியை மின்வாரியக் கம்பியிலிருந்து நிரப்ப, இழப்பையும் சேர்த்து, ஒன்றேகால் யூனிட் போதும். நம் மாநிலத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் கட்டணமின்றியே கிடைக்கிறது. அதற்கு மேலே போனாலும் ஓர் இரவின் நிறைவுக்குச் சில ரூபாய்தான் ஆகும். ஆனால் பணத்தைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. ‘எங்கள் வீடு சூரியனிலேயே ஓடுகிறது’ என்று சொல்வதில் ஒரு பெருமிதம் இருக்கிறது. அது தவறான பெருமிதம் என்று நான் சொல்லவில்லை. ஆயினும், கம்பிவழி வரும் மின்சாரத்தைப் பெறுவது ஒரு தாழ்வு என்ற எண்ணம் அதற்குள் நுழைந்துவிடக்கூடாது.

துறைமுகத்தில் நிற்கும் கப்பல் தன் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கரையிலிருந்து கம்பிவழி எடுக்கும் மின்சாரத்தைக் ‘கரை மின்சாரம்’ என்பார்கள். வீட்டையே வண்டியில் வைத்துக்கொண்டு பயணம் செய்கிறவர்களும் அந்தச் சொல்லைக் கடன் வாங்கிக்கொண்டார்கள். கேரளத்தில் இத்தகைய கேரவன் சுற்றுலாவை 2021-இல் அரசே அறிவித்துத் தொடங்கியது. அவ்வண்டிகளின் கூரையில் பேனல் இருக்கும். ஓடும்போது எஞ்சினும் பேட்டரியை நிரப்பும். ஆயினும் தங்குமிடம் வந்ததும் அனுபவமுள்ள பயணி செய்யும் முதல் வேலை, கரைக் கம்பியை மாட்டுவது. பகலெல்லாம் மரநிழலிலும் மேகத்திலும் அரைகுறையாக நிறைந்த பேட்டரிக்கு, அந்த மெதுவான கடைசிப் பகுதியைக் கரை மின்சாரம் இரவெல்லாம் பொறுமையாக நிரப்பிக் கொடுக்கும். வெயில் நன்றாக இருக்கும் காலத்தில் அவர் கம்பியைக் கழற்றி வைக்கிறார். மேகம் சூழ்ந்த காலத்தில் மாட்டிக்கொள்கிறார். அதனால் அவருடைய பேனல் அவமானப்படுவதில்லை.

விசுவாச வாழ்விலும் இந்த இரண்டு வழிகள் உண்டு. அதிகாலையில் தனியே முழங்காற்படியிடும்போது மேலிருந்து நேராக வருகிற வெளிச்சம் ஒன்று. மற்றது பிறருடைய கைகள்வழி வருவது: ஒரு சகோதரி கொண்டுவரும் கஞ்சி, ஒரு மூப்பரின் அமைதியான உடனிருப்பு, மற்றவர்கள் பாடும்போது நாம் வாயசைக்கக்கூட முடியாமல் கேட்டுக்கொண்டிருக்கும் பாடல். துக்கத்தின் பனிமூட்டத்தில் தனிஜெபம் வறண்டுபோயிற்று என்று என்னிடம் சொல்லி வருந்துகிறவர்கள் பலர். அக்காலத்தில் அவர்கள் ஆலயத்துக்கு வருவதையும் நிறுத்திவிடுகிறார்கள். ‘உள்ளே ஒன்றும் இல்லாமல் எப்படி வருவது ஐயா’ என்கிறார்கள். அப்போதுதான் வரவேண்டும். சூரியன் மறைந்திருக்கும் மாதத்தில் கரைக் கம்பியைக் கழற்றி வைப்பவர் உண்டா?

கம்பிவழி வருவது அன்னியமான ஒன்றும் அல்ல. குந்தாவின் நீர் எங்கிருந்து வந்தது? சூரியன் கடலிலிருந்து முகந்த நீரே மேகமாகி, மழையாகி, அணையில் தங்கியது. அந்த வெளிச்சமே நீண்ட வழியில், அணைகட்டிய தொழிலாளர், கம்பமேறும் மின்பணியாளர் ஆகியோரின் உழைப்பைக் கடந்து நம் வீட்டுக்கு வருகிறது. இப்போது குந்தாவில் 500 மெகாவாட் அளவில் ஒரு புதிய திட்டம் எடுத்திருக்கிறார்கள். மின்சாரம் மிகுந்திருக்கும் நேரத்தில் கீழேயுள்ள அவலாஞ்சி-எமரால்டு நீர்த்தேக்கத்திலிருந்து மேலேயுள்ள போர்த்திமந்துக்கு நீரை ஏற்றிவைத்து, தேவை மிகும் வேளையில் இறக்கி மின்சாரமாக்குவது அதன் ஏற்பாடு. நம் மலையையே ஒரு பேட்டரியாக்குகிறார்கள். எவ்வளவு பெரிய ஏற்பாடானாலும் விதி ஒன்றுதான்: மிகுதியான வேளையில் ஏற்றி வைத்திருந்தால்தான் இல்லாத வேளையில் இறங்கும்.

கூரை மின்சாரத்துக்கு மத்திய அரசு 2024-இல் தொடங்கிய மானியத் திட்டத்தின்கீழ் பேனல் பொருத்தியவர்களுக்கும் ஒரு வார்த்தை. பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு நேரடியாக இணைந்த அமைப்பு, மின்தடையின்போது பட்டப்பகலிலும் தானாக நின்றுவிடும். அது பழுது அன்று. நின்ற கம்பியில் நம் கூரையின் மின்சாரம் பாய்ந்தால், அதைப் பழுதுபார்க்க மழையில் கம்பம் ஏறியிருக்கும் மனிதர் உயிரிழக்கக்கூடும். அவர் பத்திரமாக வீடு திரும்பும்படி அந்த அமைப்பு தன்னை அடக்கிக்கொள்கிறது. இருளில் சிறிது நேரம் காத்திருக்கும்போது அவருக்காக ஜெபியுங்கள். ஆனால் உங்கள் வீட்டில் கருவியை நம்பி வாழும் நோயாளி இருந்தால், அந்தப் பேனல்கள் இரவுக்கு உதவும் என்று எண்ணி ஏமாந்துவிடாதீர்கள். அவருக்குத் தனியே பேட்டரி வேண்டும்.

உவமைக்குத் திரும்புவோம். அதில் நாம் கவனிக்கத் தவறும் ஒரு செய்தி உண்டு. மணவாளன் வரத் தாமதித்தபோது பத்துப் பேருமே உறங்கிவிட்டார்கள். புத்தியுள்ளவர்களும் உறங்கினார்கள். அதற்காக அவர்களை ஆண்டவர் கடிந்துகொண்டதாக இல்லை. ஆயத்தம் என்பது இரவெல்லாம் பதற்றத்தோடு விழித்திருப்பது என்று நாம் எண்ணுகிறோம். அவர்களோ பகலிலேயே பாத்திரத்தை நிறைத்திருந்தபடியால் நிம்மதியாகக் கண்ணயர்ந்தார்கள். அந்தத் தாயாரின் மகன் இப்போதெல்லாம் மழை இரவிலும் தூங்குகிறார். அக்டோபர் முதல் ஜனவரி வரை மின்வாரியக் கம்பியே பேட்டரியை நிரப்பி முடிக்கும்படி அமைப்பை மாற்றியிருக்கிறார். கெட்டுப்போன பேட்டரிகளுக்குப் பதிலாகப் புதியவை வந்திருக்கின்றன. மாதம் ஒருமுறை ஓயவிட்டு அளந்து, தேதியோடு சுவரில் எழுதிவைக்கிறார்.

வாலிபத் தம்பியின் கேள்விக்கு அந்தக் கீழ்வரிசைக் குடும்பம் ஒரு மறுமொழி கொடுத்தது. அவர்களால் தங்கள் பேட்டரியை ஊற்றிக் கொடுக்க முடியவில்லை. கதவைத் திறக்க முடிந்தது. தங்கள் விளக்குகளை அணைத்துக்கொள்ள முடிந்தது. நிறைந்திருந்த வீடாக இருந்தபடியால்தான் அதுவும் முடிந்தது. நாம் நிறைந்திருக்க வேண்டியது நமக்காக மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். நள்ளிரவில் யாரை எந்தப் படிகளில் சுமந்து வருவார்கள் என்பது நமக்குத் தெரியாது.

ஆகவே இவ்வாரத்தில் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். முதலாவது, உங்கள் இன்வெர்ட்டரில் மின்வாரிய மின்சாரம் பேட்டரியை நிரப்ப அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். புரியாவிட்டால், புரிந்த ஒருவரைக் கேளுங்கள். இரண்டாவது, நீர் ஊற்றும் வகைப் பேட்டரியானால் மூடியைத் திறந்து அளவைப் பார்த்து, காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்றுங்கள். நம் குழாய் நீரோ மழைநீரோ வேண்டாம். நிரம்பும்போது அதிலிருந்து எரியும் தன்மையுள்ள வாயு எழும். ஆகவே காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள், விளக்கோ ஊதுவத்தியோ அருகில் கூடாது. புதிய லித்தியம் வகையை வாங்கியிருப்பவர்களுக்கு இந்தத் தொல்லைகள் இல்லை; பாதி நிறைவும் அதைக் கெடுக்காது. ஆனால் உறைநிலைக்குக் கீழே அதை நிரப்பக்கூடாது என்பதை உதகைப் பக்கத்து உறவினருக்குச் சொல்லிவையுங்கள். பாதி நிறைந்த லித்தியமும் நள்ளிரவில் பாதிதான் என்பதையும் மறக்க வேண்டாம்.

மூன்றாவதே முக்கியமானது. உங்கள் தெருவில் கருவியை நம்பி உறங்கும் நோயாளி, குளிர்ப்பெட்டியில் இன்சுலின் வைத்திருக்கும் முதியவர், தனியே வாழும் தாயார் யாரேனும் இருந்தால், எந்தச் சபை, எந்தச் சமயம் என்று பாராமல், அவர்களை இப்போதே சென்று பாருங்கள். அவர்கள் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேளுங்கள். உங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஆலயத்தின் பக்கத்து அறையில் நான்கு பேட்டரிகள் இருக்கின்றன. மழைக்காலம் முடியும்வரை ஒவ்வொரு மாலையும் அவை நிறைந்திருக்கும்படி நம் கோயில்பிள்ளை பார்த்துக்கொள்கிறார். அந்த அறையின் சாவி இரவிலும் போதகர் இல்லத்தில் கிடைக்கும். கதவைத் தட்டத் தயங்க வேண்டாம்.

ஜெபிப்போம். ஒளியின் பிதாவே, நாங்கள் அறிந்தும் அறியாமலும் பாதி நிறைவோடு வாழும் நாள்களை நீர் அறிவீர். மேலிருந்து நீர் நேராகத் தருவதையும், மற்றவர்கள் கைகளால் நீர் தருவதையும் ஒரே நன்றியோடு வாங்கிக்கொள்ள எங்களுக்குக் கற்றுத்தாரும். மழையில் கம்பமேறுகிறவர்களைக் காத்தருளும். மூச்சுக்குப் போராடுகிறவர்கள் அருகே இந்த இரவில் தங்கியிரும். ஆமென்.

அடுத்த ஞாயிறு திருவிருந்து ஆராதனை. காலை பனி அதிகமாக இருந்தால் மெதுவாக வாருங்கள், உங்களுக்காகக் காத்திருப்போம்.